வீட்டுக் கணினிக்குக் காவல்

அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்து தகவலைத் திருடவோ கோப்புகளை முடக்கவோ எழுதப்படும் நிரல்கள் தீநிரல்கள் எனப்படுகின்றன. மின்னஞ்சல் இணைப்புகள், திருட்டு மென்பொருள்கள், பென் டிரைவ்கள், புதுப்பிக்காத மென்பொருளிலுள்ள ஓட்டைகள் ஆகியவை இவற்றின் முக்கிய நுழைவழிகள்.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னக்ரை என்ற தீநிரல், ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகளே பெரிதும் சிக்கின. எனவே இயங்குதளத்தையும் பிரவுசரையும் உடனுக்குடன் புதுப்பிப்பதே முதல் காப்பு.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் சேர்ந்தே வருகிறது. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் இயக்கினால் அவை ஒன்றோடொன்று மோதும், கணினியும் மந்தமாகும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கைப் பயன்படுத்துவது பாதிப்பைக் குறைக்கும். இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா, தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

கணினி மெதுவாவதற்குத் தீநிரல் மட்டுமே காரணமல்ல. கணினியுடன் தானாகத் தொடங்கும் தேவையற்ற நிரல்களை டாஸ்க் மேனேஜரில் நிறுத்தலாம். டிஸ்க் நிரம்பி வழியாமல் காலியிடம் வைக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி பொருத்தினால் வேகம் கண்கூடாகக் கூடும்.

இத்தனைக்குப் பிறகும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிரைவில் படியெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளை மீட்க அதைவிட உறுதியான வழி இல்லை.