கிட்டியிலிருந்து கண்ணாடிக் குடுவைக்கு

தொடர் கட்டுரை – 6

திருப்பதியை அடுத்துள்ள திருச்சானூர், 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வடார்க்காடு மாவட்டத்தின் சந்திரகிரி தாலுகாவில் அடங்கியிருந்தது. ஆகவே அவ்வூரில் ஐயத்துக்குரிய மரணம் நேர்ந்தால், முதலில் வந்து பார்த்த கிராம அதிகாரி முதல் தண்டனை விதித்த நீதிமன்றம் வரை அனைத்தும் சென்னை மாகாண ஆட்சியின் உறுப்புகளாகவே இருந்தன. பிற்காலத்தில் தடய அறிவியல் என்று பெயர் பெற்ற துறை, அதாவது குற்றம் நடந்த இடத்தில் எஞ்சிய பொருள்களை ஆய்ந்து நீதிமன்றத்துக்குச் சான்று அளிக்கும் துறை, இம்மாகாணத்தில் வேரூன்றிய வரலாற்றை இரண்டு கேள்விகள் வழிநடத்தின: குற்றம் சாட்டப்பட்டவரின் வாயை நம்பாமல் வழக்கை நிறுவ முடியுமா என்பது ஒன்று, கிராமத்தில் எடுத்த பொருள் மாறாமல் ஆய்வகத்தை அடைந்ததா என்பது மற்றொன்று.

முதல் கேள்வி பிறந்ததற்குக் காரணம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் அமைத்த நான்கு மாகாண நீதிமன்றங்களுள் ஒன்று சித்தூரில் இயங்கியது. அதன் நீதிபதிகள் சுற்றுப்பயணமாகச் சென்று குற்ற வழக்குகளை விசாரித்தபோது, திருத்தங்களுக்கு உட்பட்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தையே பின்பற்றினர். கண்ணால் கண்ட சாட்சியும் குற்ற ஒப்புதலும் முதலிடம் பெற்ற அம்முறையில், சாட்சி கிடைக்காத இடத்தில் ஒப்புதலை எப்படியேனும் பெற்றுவிட வேண்டும் என்ற நெருக்கடி கீழ்நிலை ஊழியர்களுக்கு ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய நியமிக்கப்பட்ட எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோர் அடங்கிய ஆணையம் 1855இல் அளித்த அறிக்கை, வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் வன்முறை பழகிப்போயிருந்ததை உறுதிசெய்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’ அதில் விரிவாகப் பேசப்பட்டது. வருவாய் ஊழியர்களிடமிருந்து காவல் பணியைப் பிரித்த 1859ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம் இதன் பின்னரே வந்தது. போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்ற விதி 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நிலைபெற்றது. ஒப்புதலின் விளைவாகப் பொருள் ஒன்று கண்டெடுக்கப்பட்டால், அதனோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் ஏற்கலாம் என்று 27ஆம் பிரிவு கூறியது. வாயின் மதிப்பு குறைந்து பொருளின் மதிப்பு உயர்ந்தது இவ்வாறுதான்.

பொருளைப் பேசவைக்கும் ஏற்பாடு இச்சட்டத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1849இல் சென்னையில் நிறுவப்பட்ட ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் ஆகியவை அதற்குப் பின்னரே வந்தன. அதன் தலையாய வேலை நஞ்சைக் கண்டறிவது. வெள்ளைப் பாஷாணம் என்று கடைகளில் விற்கப்பட்ட ஆர்சனிக் ஆக்சைடுக்கு நிறமில்லை, குறிப்பிடத்தக்க சுவையும் இல்லை. அதனால் விளையும் வாந்தியும் பேதியும் காலராவை ஒத்திருந்தமையால், கொள்ளைநோய்க் காலத்தில் நஞ்சூட்டியவர் எளிதில் தப்பிக்க முடிந்தது. ஆங்கிலேய வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் வெளியிட்ட சோதனை இந்நிலையை மாற்றியது: ஐயத்துக்குரிய பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்க்கும்போது ஆர்சனிக் ஒரு வாயுவாக வெளியேறும், அதைக் கொளுத்தி, சுடரின் மேல் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால் கண்ணாடி போல் மின்னும் கரும்படலம் படியும். மிகச் சிறிய அளவு நஞ்சும் இதில் அகப்பட்டது.

தாவர நஞ்சுகள் அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. வழிப்போக்கர்களோடு நட்பாகிச் சோற்றில் ஊமத்தை விதையைக் கலந்து, மயங்கியவரின் உடைமையைப் பறிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு இந்தியாவின் மருத்துவச் சட்ட நூல்களில் தனி இடம் பெற்றது. யாத்திரிகர் நடந்து சென்ற சாலைகள் அனைத்துக்கும் இந்த ஆபத்து பொதுவாக இருந்தது. ஊமத்தையின் நஞ்சு கண்மணியை விரியச் செய்வதால், வயிற்றிலிருந்து பிரித்தெடுத்த சாரத்தின் ஒரு துளியைப் பூனையின் கண்ணில் விட்டு, கண்மணி விரிகிறதா என்று பார்ப்பதே அக்காலத்தின் நம்பகமான சோதனையாக இருந்தது. அரளி, ஒடுவன்தழை போன்ற உள்ளூர் நஞ்சுகளுக்கு ஐரோப்பிய நூல்களில் ஆயத்தமான விடை கிடைக்காததால், இந்தியப் பரிசோதகர்களும் மருத்துவர்களும் தாங்களே நூல் எழுத நேர்ந்தது. பம்பாயின் பரிசோதகராக இருந்த லயன் எழுதிய மருத்துவச் சட்ட நூலும், 1920இல் வெளிவந்த மோடியின் நூலும் அவ்வழியில் தோன்றியவை.

இரண்டாவது கேள்வி இங்கேதான் எழுகிறது. சந்திரகிரி தாலுகாவின் கிராமம் ஒன்றிலிருந்து சென்னை ஆய்வகத்துக்குச் சான்றுப்பொருள் செல்லும் வழி பல கைகளைக் கொண்டது: தலையாரி பிணத்தைக் காவல் காக்க வேண்டும், போலீஸ் அதிகாரி ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தி அறிக்கை எழுத வேண்டும், மருத்துவர் பிணத்தை அறுத்து இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளைக் கண்ணாடிக் குடுவைகளில் இட்டு, சாராயத்திலோ செறிந்த உப்புநீரிலோ அமிழ்த்தி, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். அதே முத்திரையின் மாதிரி ஒன்றும், அமிழ்த்தப் பயன்பட்ட திரவத்தின் மாதிரி ஒன்றும் தனியே அனுப்பப்பட்டன. முன்னது வழியில் குடுவை திறக்கப்படவில்லை என்பதற்கும், பின்னது நஞ்சு திரவத்தின் வழியே புகவில்லை என்பதற்கும் சான்று. பரிசோதகர் நேரில் வராமலே அவருடைய அறிக்கையைச் சான்றாக ஏற்கலாம் என்று 1898ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு அனுமதித்ததால், நீதிமன்றத்தில் வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை பெரும்பாலும் இந்த முத்திரையையும் கைமாற்றத்தையும் பற்றியதாகவே அமைந்தது.

குருதிக் கறையில் விஞ்ஞானமே நெடுங்காலம் பாதி வழியில் நின்றது. கறை குருதிதான் என்று சொல்ல முடிந்ததே தவிர, மனிதனுடையதா ஆட்டினுடையதா என்று சொல்ல முடியவில்லை. ஆகவே ஆடு வெட்டியதால் பட்ட கறை என்ற எதிர்வாதத்தை ஆய்வகத்தால் மறுக்க இயலவில்லை. ஜெர்மானியர் பால் ஊலன்ஹூத் 1901இல் கண்ட வீழ்படிவுச் சோதனை, ஒரு விலங்கினத்தின் குருதிப் புரதத்துக்கு எதிராகத் தயாரித்த ஊநீர் அவ்வினத்தின் குருதியோடு மட்டும் கலங்கிப் படியும் என்ற உண்மையைக் கொண்டு இக்குறையைத் தீர்த்தது. இதற்கென இந்தியாவில் கல்கத்தாவில் ஊநீரியலாளர் பதவி உருவானதால், சென்னை மாகாணத்துக் கறை இரண்டாவது பயணமும் மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

கைரேகையும் கல்கத்தா வழியாகவே வந்தது. 1897இல் அங்கு நிறுவப்பட்ட கைரேகைப் பிரிவில், எட்வர்ட் ஹென்றியின் கீழ் பணியாற்றிய அஜீஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோர் பத்து விரல்களின் ரேகைகளை 1,024 பிரிவுகளாக வகுக்கும் முறைக்கு வடிவம் தந்தனர். 1898இல் ஜல்பாய்குரி மாவட்டத் தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையுண்டபோது, பஞ்சாங்கம் ஒன்றில் பதிந்திருந்த குருதி ரேகை, முன்பு தண்டனை பெற்ற பழைய வேலையாளின் வலது கட்டைவிரலோடு பொருந்தியது. ஆயினும் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்ததே அன்றிக் கொலைக்குத் தண்டிக்கவில்லை; ரேகை ஒருவர் அங்கு இருந்ததைக் காட்டுமே தவிர, அவர் என்ன செய்தார் என்பதைக் காட்டாது. மறு ஆண்டே சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் கைரேகையும் நிபுணர் கருத்துக்குரிய பொருளாகச் சேர்க்கப்பட்டது.

இத்தனை இழைகளையும் ஒன்றாக முறுக்கிய நூல் சென்னையிலேயே அச்சாயிற்று. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து விசாரணை நீதிபதி ஹான்ஸ் குரோஸ் 1893இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட குற்ற விசாரணைக் கையேட்டை, சென்னையில் அரசு வழக்கறிஞர்களாக இருந்த ஜான் ஆடம், காலியர் ஆடம் ஆகிய இருவரும் இந்திய நடைமுறைக்கு ஏற்பத் தழுவி மொழிபெயர்த்து, 1906இல் சென்னையில் வெளியிட்டனர். காலடித் தடம், குருதிக் கறை, நஞ்சு, கையெழுத்து ஆகிய அனைத்தையும் ஒரே விசாரணையின் உறுப்புகளாகக் கண்ட அந்நூலை ஆங்கிலம் படித்த உலகம் முதலில் பெற்றது இவ்வாறு சென்னை வழியேதான்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருச்சானூர் சென்னையின் ஆட்சியிலிருந்து விலகியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணரே குற்ற இடத்துக்குச் சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும் என்கிறது. குடுவை ஆய்வகத்தைத் தேடிப் போன காலம் மாறி, ஆய்வகம் குற்ற இடத்தைத் தேடி வர வேண்டிய காலம் வந்திருக்கிறது. ஆனாலும் நிபுணர் வந்து சேரும் வரை அந்த இடத்தை யாரும் மிதிக்காமல் காப்பவர், இன்றும் முதலில் அங்கு வந்து நிற்கும் காவலரே.

(தொடரும்)