கொழுந்துக் காட்டில் பாட்டு நின்ற விதம்

தேநீரும் பாட்டும் – 9

சென்ற வாரம் கராச்சியின் தேநீர்க் கடைகளில் இருந்தோம். தேயிலை இறக்குமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு பாகிஸ்தான். பால் சுண்டக் காய்ச்சிய ‘தூத் பத்தி’யும் பழைய பாட்டும் அங்கே பிரிவதில்லை. இந்த வாரம் தேயிலை விளையும் மலைக்கு ஏறுவோம்.

மலேசியாவில், பேராக்கின் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலை முழுக்க வளைவுதான். லாத்தா இஸ்கண்டார் அருவி, ஓரமாக ஒராங் அஸ்லி மக்கள் விற்கும் தேனும் மூங்கில் குருத்தும், அப்புறம் ரிங்லெட். அதற்குள் காது அடைத்துவிடும். வேனில் ஓடிய மின்னல் எஃப்.எம். மலை மறைக்கும்போதெல்லாம் கரகரத்து, மறுபடி பாடியது.

1929-இல் ஜே.ஏ. ரசல் இங்கே தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டம் தமிழர் உழைப்பில் வளர்ந்தது. லயம், கோயில், தமிழ்ப்பள்ளி என்று அவர்கள் வாழ்க்கை இந்தச் சரிவுகளிலேயே வேர்விட்டது.

லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த முதிய அம்மாவிடம், கொழுந்து எடுக்கையில் பாடுவீர்களா என்று கேட்டேன். “கை அது பாட்டுக்குக் கிள்ளும், வாய் சும்மா இருக்குமா ஐயா?” என்றார். இந்த நிரையில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், அடுத்த நிரையிலிருந்து பதில் வரும். மாமியாரையும் வேலை வாங்கும் தண்டலையும் வைத்துக் கட்டிய பாட்டுகளுக்குத்தான் சிரிப்பு அதிகமாம்.

பிறகு கத்தரி வந்தது. வெட்டிய கொழுந்து விழ அதிலேயே ஒரு பெட்டி. இரண்டு கையும் தோளும் சேர்ந்து உழைக்க வேண்டியதில், பாட வேண்டிய மூச்சு வேலைக்கே போய்விட்டது. அதற்கும் பிறகு இயந்திரம். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் தூக்கிப் பிடிக்க, பின்னால் நீளமான பை இழுபடும். அந்த இரைச்சலில் எதிரே நிற்பவர் பேச்சே கேட்காது. இயந்திரம் ஏறாத செங்குத்துச் சரிவில் இன்றும் கத்தரிதான்.

இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூடை சுமந்த முதுகின் வலி பாட்டைவிடப் பெரியது. ஆனால் பாட்டைக் கேட்டு எழுதிவைக்க யாரும் வந்ததாகத் தெரியவில்லையே என்பதுதான் ஆற்றாமை. இலங்கை மலையகத்துக்கு ஒரு சி.வி. வேலுப்பிள்ளை இருந்தார், தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார்.

இப்போது இயந்திரத்தின் இரு முனையிலும் வங்கதேசத்தாரும் நேபாளிகளும் நிற்கிறார்கள். மாலையில் அவர்கள் கைப்பேசியில் அவரவர் ஊர்ப் பாட்டு. தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். திருவிழாவுக்கு வந்தால் உறுமி மேளம் மலையை அதிர வைக்கிறது. அது சாமிக்கான இசை. நிரையில் பிறந்த பாட்டு வேறு.

அந்த அம்மா இரண்டு பாட்டு முழுதாகப் பாடினார். மூன்றாவது பாதியில் நின்றது. மீதி தெரிந்தவர் ரிங்லெட்டில் மகள் வீட்டில் இருக்கிறாராம். இந்தப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், வரும் பள்ளி விடுமுறையிலேயே பிள்ளைகளைக் கைப்பேசியோடு பாட்டிகளிடம் அனுப்புங்கள்.

(தொடரும்)