தினம் ஒரு நாவல்: எவ்வளவு வேகம் தாங்கும்?

மல்லசமுத்திரம் பருத்தி ஏலத்தில் வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். இழையை இழுத்துப் பார்ப்பார், விலையை மனசுக்குள் போட்டுவிடுவார். மூட்டையைக் கொட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வேக வாசிப்பு என்று கற்றுத்தருவதில் பெரும்பகுதி இந்த ஒரு பிடி வித்தைதான். செய்திக்கும் அலுவலக அறிக்கைக்கும் அது சரிப்படும். நாவலுக்கு?

'தினம் ஒரு கிளாசிக்' என்று சவால் எடுப்பவர்கள் முதலில் கண்ணின் வேலையைப் பார்க்க வேண்டும். வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் விநாடி. அதற்குள் சில எழுத்துகளே தெளிவாகத் தெரியும். 1959-ல் அமெரிக்காவில் வேக வாசிப்புப் பயிற்சியைத் தொடங்கிய எவலின் வுட், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் சாத்தியம் என்றார். அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் வெளியான கீத் ரேனர் குழுவின் கட்டுரையோ, வேகம் ஏற ஏறப் புரிதல் இறங்கும் என்றது.

ஆங்கிலக் கதையை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 260 சொற்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே போடக் கூடாது. 'போய்க்கொண்டிருந்தவனையும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் செலவாகும்.

உண்மையான வேகம் பழக்கத்திலிருந்து வருகிறது. கணவனை இழந்தவள் நிலத்தில் பாகம் கேட்கும் கதை, ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942). சிறிய நாவல்தான், ஒரே நாளில் முடிக்கலாம். ஆனால் கொங்குப் பேச்சு. சென்னைக்காரர் தடுக்கி நிற்கும் இடத்தில் நம் கொங்குக்காரர் திண்ணைப் பேச்சைக் கேட்பதுபோலப் போய்விடுவார். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) படிக்க, திருச்செங்கோட்டு மலையையும் தேரையும் இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். 'மனசுக்குள் உச்சரிக்காதே' என்பது வேகப் பயிற்சியின் முதல் உபதேசம். பேச்சாலேயே நெய்த நாவலில் அந்தக் குரலை அடைத்துவிட்டு எதைப் படிப்பது?

தமிழில் தினசரி வாசிப்பின் பெரிய உதாரணம் 'வெண்முரசு'. 2014 ஜனவரி 1 முதல் 2020 வரை ஜெயமோகன் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக எழுத, கூடவே படித்து வந்தவர்கள் உண்டு. மொத்தம் 26 நாவல்கள். அது வேகமல்ல, விடாப்பிடி.

எனவே சவாலை நாவல் கணக்கில் வைக்காமல் அத்தியாயக் கணக்கில் வையுங்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு ஐந்து பாகம், 293 அத்தியாயம். தினம் மூன்று படித்தால் 98 நாள். அதை எழுதிய கல்கியின் எழுத்து நாட்டுடைமை. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் காசில்லாமலே கிடைக்கிறது.