ஏர்டெல், வோடஃபோன்கூட அரசுக்கு சண்டைன்னா யார் அம்பயர்? 'டிடிசாட்' கதை!

நம்ம போனுக்கு சிக்னல் தரும் நிறுவனம், மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் கொடுப்பதும், அதற்குக் கட்டணம் வசூலிப்பதும் அதே துறைதான். கணக்கில் தகராறு வந்தால் தீர்ப்பையும் அந்தத் துறையே சொன்னா எப்படி நியாயமா இருக்கும்? அதுக்காகத்தான் 2000-ல் டிராய் சட்டத்தைத் திருத்தி, 'டிடிசாட்' தீர்ப்பாயம் உருவாக்கப்பட்டது.

யாரெல்லாம் போகலாம்?

அரசுக்கும் நிறுவனத்துக்கும், இரு நிறுவனங்களுக்கும் இடையிலான தகராறுகள் இங்கே வரும். நுகர்வோர் குழுவாகவும் போகலாம். ஆனா உங்க ஒருத்தரோட பில் புகாருக்கு நுகர்வோர் ஆணையம்தான். டிடிசாட்டின் இறுதி உத்தரவை எதிர்த்து நேராக உச்ச நீதிமன்றம் போக வேண்டும்.

ஏஜிஆர்: 16 வருட வழக்கு

1999-ல் வந்த புதிய கொள்கைப்படி, லைசென்ஸ் கட்டணம் என்பது வருமானத்தில் ஒரு பங்கு. 'வருமானம்'னா எது? போன் சேவையில் வருவது மட்டுமா, வட்டி, வாடகையும் சேர்த்தா? இதுதான் சண்டை. 2003-ல் வழக்கு தொடங்கியது. 2006-ல் டிடிசாட் நிறுவனங்கள் பக்கம் நின்றது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிபந்தனைக்கு என்ன அர்த்தம்னு தீர்ப்பாயம் சொல்லலாம். கையெழுத்து போட்ட நிபந்தனை செல்லுமான்னு கேட்க முடியாது என்றது.

2015-ல் மறுபடியும் டிடிசாட்டில் நிறுவனங்களுக்குப் பெருமளவு சாதகமான தீர்ப்பு. ஆனால் 2019 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் அரசின் கணக்கே சரி என்றது.

மொத்த பாக்கி 92,000 கோடி ரூபாய்க்கும் மேல். இதில் அசல் லைசென்ஸ் கட்டணம் சுமார் 23,000 கோடிதான். மீதியெல்லாம் வட்டி, அபராதம், அபராதத்துக்கும் வட்டி! வழக்கு இழுக்க இழுக்க, மீட்டரும் ஓடிக்கொண்டே இருந்தது.

நமக்கு என்ன?

2021-ல், தொலைத்தொடர்பு அல்லாத வருமானத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அரசே முடிவு செய்தது. ஆனா பழைய பாக்கிக்கு அது பொருந்தாது. வோடஃபோன் ஐடியா அரசுக்குத் தர வேண்டிய தொகையில் ஒரு பகுதி பங்குகளாக மாற்றப்பட, 2025-ல் அந்த நிறுவனத்தில் மத்திய அரசின் பங்கு சுமார் 49 சதவீதமானது. அதாவது லைசென்ஸ் கொடுக்கும் அரசே, லைசென்ஸ் வாங்கிய ஒரு நிறுவனத்தின் மிகப்பெரிய பங்குதாரர். ஏர்டெலும் ஜியோவும் அதே களத்தில் ஆடுகின்றன. அதனால, வேகமாகத் தீர்ப்பு சொல்லும் நடுநிலையான அம்பயர் முன்பைவிட இப்போதான் அதிகம் தேவை.