வளைவில் கொதிக்கும் எஞ்சின்

ஆழியாறு தாண்டினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழ் கியரில் ஏறும்போது எஞ்சின் அதிகம் உழைக்கிறது. வேகம் குறைவதால் முன்னாலிருந்து வரும் காற்றும் போதவில்லை. போனட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கும் கார்களை அங்கே பார்த்திருப்பீர்கள்.

எஞ்சினுக்குள் சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடும் பாதைகள் உண்டு. அந்த நீரைச் சுற்றவைப்பது ஒரு சின்ன பம்பு. நம் கோவைப் பட்டறைகள் வார்த்தெடுத்து ஊர் ஊராக அனுப்பும் கிணற்று மோட்டார் பம்பு இருக்கிறதே, அதன் தம்பிதான் இது. உள்ளே சக்கரம் சுழன்று நீரை வெளியே வீசுகிறது. சூடேறிய நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடி, காற்றுப்பட்டு ஆறித் திரும்புகிறது. நடுவே தெர்மோஸ்டாட் என்றொரு காவல்காரன். அதற்குள் இருக்கும் மெழுகு 80, 90 டிகிரியில் உருகி விரிந்தால்தான் ரேடியேட்டருக்கு வழி திறக்கும். குளிர்ந்த காலையிலும் எஞ்சின் சீக்கிரம் சூடு பிடிப்பது அதனால்தான்.

ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், குக்கரைப் போல, உள்ளே 100 டிகிரி தாண்டியும் நீர் கொதிப்பதில்லை. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டு, அத்தனையும் சட்டென்று கொதித்து முகத்தில் பீறிடும். வண்டியை அணைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

இன்னொன்று: போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாயிலும் படிந்து அடைக்கும். காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.