பாதியில் நின்ற லைன்

அக்டோபர் மாதத்து மாலை மழை சுங்கை வேயில் சொல்லிக்கொண்டு வராது. பக்கத்துச் சுபாங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி கேட்கும் என்பார்கள். அன்றைக்கும் ஒரே இடி, கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“தம்பி, அப்டேட் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கரண்ட் வந்தப்புறம் தொறந்தா கறுப்பா, எழுத்து எழுத்தா வந்து நின்னுருச்சு. கடைக்குப் போன் பண்ணேன். ஃபார்மட் போடணும், எண்பது வெள்ளின்னாங்க.”

நான்கு தீபாவளிகளின் முறுக்கு, அதிரச ஆர்டர் கணக்கு அதில்தான் இருக்கிறது. யாருக்கு எத்தனை டப்பா, யாருக்கு நெய் ஆகாது, யார் பாக்கி வைத்திருக்கிறார், எல்லாமே. உப்பிப்போன பேட்டரியைப் போன வருடமே கழற்றிவிட்டோம். கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். அதனால் மீட்டுக் கொடுப்பதும் என் வேலைதான்.

திரையில் ‘கெர்னல் பேனிக்’ என்று இருந்தது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் ‘கிரப்’ என்ற சிறு நிரல், லினக்ஸின் கருவான கெர்னலை எழுப்பும். எழுந்த கெர்னலுக்கு டிஸ்க் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க ஒரு மூட்டைக் கருவிகள் வேண்டும். இனிட்ராம்எஃப்எஸ் என்பது அந்த மூட்டை. புதுக் கெர்னலுக்கு அதைக் கட்டி முடிப்பதற்குள் இடி விழுந்துவிட்டது. கணக்கு வைத்த அறை அப்படியே இருக்கிறது, உள்ளே போக வழி தெரியவில்லை, அவ்வளவுதான். இதற்குப் போய் ஃபார்மட் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

இங்குள்ள சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் 22 வருடம் எலெக்ட்ரானிக்ஸ் லைனில் நின்றவன் நான். கரண்ட் போய் லைன் நின்றால் பாதியில் கிடக்கும் போர்டுகளை யாரும் குப்பையில் கொட்ட மாட்டோம். ஒவ்வொரு லாட்டோடும் ஒரு கார்டு போகும். எந்த ஸ்டேஷன் வரை முடிந்தது என்று அதில் இருக்கும். கார்டைப் பார்ப்போம், விட்ட இடத்தில் தொடங்குவோம். உபுண்டுவும் அதன் தாய்வீடான டெபியனும் இதையேதான் செய்கின்றன. டிபிகேஜி என்ற நிரல் ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது: பிரித்தாயிற்று, பாதி அமைத்தாயிற்று, முழுதும் முடிந்தது என்று. அந்தக் குறிப்பு டிஸ்க்கில் இருப்பதால் கரண்ட் போனாலும் அழியாது.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. புதுக் கெர்னல் வந்தாலும் பழையதை உபுண்டு உடனே தூக்கி எறியாது. திறக்கும்போதே எஸ்கேப் பொத்தானைத் தட்டினேன் (பழைய மெஷின்களில் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்). கிரப் பட்டியல் வந்தது. ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் அங்கிருந்த பழைய கெர்னலைத் தேர்ந்தேன். அக்கா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேத்தியின் படம் போட்ட முகப்பு வந்தது.

எதைத் தொடுவதற்கு முன்னும் கணக்கைப் பென் டிரைவில் படி எடுத்தேன். இந்த ஒழுங்கை மட்டும் யாரும் மாற்றாதீர்கள். அப்புறம் டெர்மினலைத் திறந்து, ‘சூடோ டிபிகேஜி, இரண்டு கோடு, கன்ஃபிகர்’, இடம் விட்டு ‘ஒரு கோடு, ஏ’ என்று அடித்தேன். பாதியில் நின்ற பொதிகளெல்லாம் ஒவ்வொன்றாக அமைந்தன. கடைசியில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையால் எல்லாக் கெர்னல்களுக்கும் மூட்டையை மறுபடி கட்டவைத்து, ‘அப்டேட்-கிரப்’பையும் ஓட்டினேன். மூன்று நான்கு நிமிட வேலை.

பழைய கெர்னலும் எழாத மெஷின்கள் உண்டு. அப்போது உபுண்டு ஏற்றிய பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்து, டிஸ்க்கை இணைத்து, அதற்குள் நுழைந்து இதே கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் கணக்கு பிழைக்கும்.

மறுபடி அணைத்துத் திறந்தேன். புதுக் கெர்னலே எழுந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணக்கைத் திறந்தார், விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். ஒரு வரியில் நின்றார்.

“இவங்க இன்னும் 45 வெள்ளி தரணும்,” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.