பரணில் சும்மா கிடந்த ஷூ ஏன் செத்தது?

மராட்டியர் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ 2025 ஜூலை 11 அன்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் வனத்துறை 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியிருந்தது. மலையேற ஆசை வந்தால் பரணில் கிடக்கும் ஷூ கீழே இறங்கும். கூடவே ஒரு புகாரும் இறங்கும்: "அதிகம் போட்டதே இல்லை. பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் பாதிப் படி ஏறுவதற்குள் சோல் வாயைப் பிளந்துவிட்டது."

டூப்ளிகேட் சரக்கு என்று கடைக்காரர் தலையில் பழியைப் போடுவதற்கு முன் அந்த ஷூவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே தோல் புதிதாகவே இருக்கும். அடியில் ரப்பரும் தேய்ந்திருக்காது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தடித்த, எடையற்ற பகுதிதான் மிட்சோல். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால், நல்ல ஷூவில் பள்ளம் உடனே நிமிரும். கெட்டதில் பள்ளம் அப்படியே நிற்கும். நகம் பட்ட இடம் பொடியாக உதிரும். சிலவற்றில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அதன்மேல் சொல்யூஷன் தடவி ஒட்டினாலும் பயனில்லை. பசை பிடிக்கும், பசை பிடித்த நுரை பிடிக்காது.

மலையேற்ற ஷூக்கள் பலவற்றில் மிட்சோல் என்பது பாலியூரித்தேன் நுரை. தேய்மானத்தைத் தாங்கும் என்று அதில் பாலியெஸ்டர் வகையை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சங்கிலியின் பலவீனம் அதன் எஸ்டர் பிணைப்புகள். காற்றிலுள்ள ஈரம் நுரைக்குள் புகுந்து ஒரு பிணைப்பை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் ஓர் அமில முனை உருவாகிறது. அந்த அமிலம் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பிணைப்பைத் தண்ணீர் வெட்டுவதற்குத் துணை நிற்கிறது. அதனால் இன்னும் அமிலம், அதனால் இன்னும் வெட்டு. சில வருடங்கள் வெளியே எதுவும் தெரியாது. பிறகு ஒரே நடையில் எல்லாம் தெரியும்.

பாலில் உறை ஊற்றுவது போலத்தான் இதுவும். முதலில் ஒரு சொட்டு மோர் போதும். பிறகு பாத்திரம் தன்னைத்தானே புளிக்க வைத்துக்கொள்ளும். மார்கழியில் மெதுவாக, சித்திரையில் விறுவிறுவென்று. சோலிலும் சூடு ஏற ஏற வேகம் கூடும். தட்டுப் போட்டு மூடுவதால் தயிரின் புளிப்பு நிற்காது. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்த ஷூவின் கதையும் அதுதான். ஃபிரிட்ஜில் வைத்தால் தயிர் புளிப்பது தள்ளிப்போகும். ஷூவும் குளிரில் நீடிக்கும், ஆனால் வீட்டில் சண்டை வரும். தயிரில் வேலை செய்வது உயிருள்ள பாக்டீரியா, சோலில் வெறும் அமிலம் என்று வேதியியல் ஆசிரியர்கள் ஆட்சேபிக்கலாம், நியாயம்தான். இன்னொரு வித்தியாசமும் உண்டு. புளித்த தயிரில் மோர்க்குழம்பு வைக்கலாம்.

வரலாறு கேட்பவர்களுக்கு: பாலியூரித்தேனை 1937-இல் ஜெர்மனியில் உருவாக்கியவர் ஓட்டோ பேயர். தொடக்கக் காலத்தில் அவருடைய பொருளில் வேண்டாத குமிழிகள் வந்தன. போலி எமென்டால் பாலாடைக்கட்டி செய்யத்தான் இது லாயக்கு என்று சக ஊழியர்கள் கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு. அந்தக் குமிழிகளுக்குக் காரணம், மூலப்பொருளான ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டதே. அந்தத் தவறையே பிறகு தொழில்நுட்பமாக்கினார்கள். ஆக, நுரையை ஊதிப் பெருக்க உதவிய அதே தண்ணீர்தான் பின்னாளில் அதை உதிர்க்கவும் செய்கிறது.

போடாத ஷூ ஏன் முந்திக்கொள்கிறது? நடக்கும்போது நுரை அமுங்கி விரிவதால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேறுகிறது என்று தயாரிப்பாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். பெட்டிக்குள் அந்த வாய்ப்பு இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது நினைவிருக்கும். சோலைக் கெடுக்க அவ்வளவு வெள்ளம் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையின் சாதாரண ஈரக்காற்றே போதும்.

டென்ட்டுக்கும் பையின் உட்புறத்துக்கும் பூசப்படும் நீர்புகாப் பூச்சு பெரும்பாலும் இதே பாலியூரித்தேன் குடும்பம். மழையில் நனைந்ததைச் சுருட்டி வைத்துவிட்டு அடுத்த வருடம் பிரித்தால், துணியோடு துணி ஒட்டிக்கொண்டு குமட்டும் புளித்த வாடை அடிக்கும்.

பையின் தோள்பட்டியில் இன்னொரு வில்லன் உண்டு: வியர்வை உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துவைக்காமல் மாட்டிய பை இரவெல்லாம் ஈரம் குடிப்பது இதனால்தான்.

சந்தை இதற்கெல்லாம் மருந்து விற்கிறது. நீர்விலக்கும் ஸ்பிரே துளித் தண்ணீரைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் பிடிக்கும். ஒரு கிராம் பொட்டலம் ஒரு மழைக்காலத்தோடு மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை செலவில்லாதவை. ஊர் திரும்பிய அன்றே இன்சோலை உருவி, சேற்றைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சலவைத்தூள் வேண்டாம்; அதிலுள்ள காரமும் எஸ்டரை வெட்டும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நனைந்ததும் மாற்றுங்கள். மொட்டைமாடி வெயில் கூடாது; ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் கேடு அதிகம். நிழலும் மின்விசிறியும் போதும். டென்ட்டை முழுக்கக் காய்ந்த பிறகே மடியுங்கள். பரண், தகரக் கூரைக்கு அடி, பிளாஸ்டிக் கவர் மூன்றையும் தவிர்த்து, காற்றோடும் அறையில் திறந்து வையுங்கள்.

இதனால் ஆயுள் நீளும், அவ்வளவுதான், சிதைவு நின்றுவிடாது. தள்ளுபடியில் வாங்கும்போது விலைச்சீட்டோடு தயாரித்த மாதத்தையும் பாருங்கள். ஷூவின் வயது பில் போட்ட அன்று தொடங்குவதில்லை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். மிட்சோலை வீட்டு வாசலிலேயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.